ஒரே மாத்திரைக்குள் மூணு மருந்து, நாலு மருந்து! சளி, இருமலுக்கு வாங்கும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்க

ராமநாதபுரம்:

வாடைக் காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டால் போதும். ராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடற்கரை முழுக்க வீட்டுக்கு வீடு தும்மல், மூக்கு ஒழுகல், இருமல்தான்.

"அண்ணே, சளிக்கு ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க" என்று மெடிக்கலில் கேட்டு வாங்கி, ஒரு டீயோடு விழுங்கிவிட்டு வேலைக்குக் கிளம்பி விடுகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்ற கணக்கு. அதைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் அந்த ஒரு மாத்திரைக்குள் என்னென்ன இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சளி மாத்திரை என்று நாம் வாங்குவது பெரும்பாலும் ஒரு மருந்து இல்லை. மூன்று, நான்கு மருந்துகளை ஒன்றாகச் சேர்த்த கூட்டு மருந்து. இருமல் டானிக்கும் அப்படித்தான். தனியாக அதை மட்டும் அளவோடு சாப்பிட்டால் பெரியவர்களுக்குப் பொதுவாகப் பெரிய ஆபத்து இல்லை. அதனுடன் வேறு மாத்திரை சேரும்போதும், சின்னக் குழந்தைக்குக் கொடுக்கும்போதும்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

உள்ளே இருப்பது என்ன?

சாதாரண ஜலதோஷ மாத்திரையைப் பிரித்துப் பார்த்தால் முதலில் இருப்பது பாராசிட்டமால். காய்ச்சல், தலைவலி, உடம்பு வலிக்கு இது. ஒரு மாத்திரையில் 325 அல்லது 500 மில்லிகிராம் இருக்கும்.

அடுத்தது குளோர்பெனிரமைன் அல்லது செட்ரிசின் மாதிரி ஒரு அலர்ஜி மருந்து. தும்மலையும் மூக்கில் தண்ணீர் வடிவதையும் நிறுத்துவது இதுதான். தூக்கத்தைக் கொண்டு வருவதும் இதுதான்.

மூன்றாவது பினைலெப்ரின். மூக்கடைப்புக்காகச் சேர்ப்பது. ரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்து என்பதால் பி.பி. உள்ளவர்களுக்கு ஆகாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வாய் வழியாகச் சாப்பிடும் பினைலெப்ரின் மூக்கடைப்பைச் சரி செய்வதே இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 2023-ம் ஆண்டு செப்டம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அதை அங்கீகாரப் பட்டியலில் இருந்து எடுத்துவிடலாம் என்று அந்த அமைப்பு 2024 நவம்பரில் முன்மொழிந்தது. நாம் இன்னும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு இருக்கிறோம்.

சில கம்பெனி மாத்திரைகளில் நான்காவதாக கஃபீன் இருக்கும். காபியில் இருக்கும் அதே சரக்குதான்.

4 ஆயிரத்தைத் தாண்டும் கணக்கு

பாராசிட்டமால் கெட்ட மருந்து இல்லை. அளவோடு சாப்பிட்டால் இருப்பதிலேயே பாதுகாப்பானவற்றில் அதுவும் ஒன்று. நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவர் ஒருவர் 24 மணி நேரத்தில் சாப்பிடக்கூடிய உச்ச அளவு 4 ஆயிரம் மில்லிகிராம், அதாவது 4 கிராம். அதற்கு மேல் போனால் ஈரல் தாங்காது.

"நாலாயிரம் யார் சாப்பிடப் போறா?" என்று கேட்கலாம். ஒரு சாதாரணக் கணக்கைப் பாருங்கள்.

சளி மாத்திரை மூன்று வேளை. ஒன்றில் 500 என்றால் 1,500 ஆகிறது. காய்ச்சல் அடிக்கிறதே என்று டோலோ 650 மூன்று வேளை. அது 1,950. வலை இழுத்து உடம்பு வலி என்று ஒரு வலி மாத்திரை இரண்டு வேளை. மெடிக்கலில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் வலி மாத்திரைகள் பலவற்றில் அசிக்ளோபெனாக்குடன் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கிறது. இரண்டு மாத்திரைக்கு 650.

கூட்டினால் 4,100!

மூன்றும் வெவ்வேறு மாத்திரை, வெவ்வேறு கலர், வெவ்வேறு பெயர். சாப்பிடுகிறவருக்குத் தான் எல்லை தாண்டியது தெரியவே தெரியாது. தினமும் மது குடிப்பவர், ஈரல் நோய் உள்ளவர், எடை ரொம்பக் குறைவானவர் என்றால் அந்த 4 கிராமே அதிகம். 2 கிராமோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள் டாக்டர்கள்.

இதில் மோசமான விஷயம், அளவு கூடிப் போனாலும் முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. லேசாகக் குமட்டும், வாந்தி வரும். "சரியாப் போச்சு" என்று நினைத்துவிடுவோம். இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் வலது விலாவுக்குக் கீழே வலி, கண் மஞ்சளாவது என்று ஈரல் பாதிப்பு வெளியே வரும். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. மாத்திரை சாப்பிட்ட 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். அதனால் அளவு கூடிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே, உடம்பு நன்றாக இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

பனடோலும் அதே மருந்துதான்

நம்ம மாவட்டத்துக்கு என்று தனியாக ஒரு குழப்பம் உண்டு. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் வளைகுடா நாடுகளில் இருந்து ஊருக்கு வருகிறவர்கள் தைலம், சோப்போடு மாத்திரைகளையும் பெட்டியில் கொண்டு வருவார்கள். அதில் பனடால் கட்டாயம் இருக்கும். மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் காய்ச்சல் என்றால் "பனடோல்"தான் வாயில் வரும்.

பனடால் என்பது பாராசிட்டமால்தான். கால்பாலும் பாராசிட்டமால்தான். டோலோவும் அதே. "வெளிநாட்டு மாத்திரை ஒண்ணு, நம்ம ஊரு மாத்திரை ஒண்ணு" என்று சேர்த்துப் போட்டால் ஒரே மருந்தை இரண்டு முறை போட்டதாகத்தான் அர்த்தம். பனடால் பெயரிலேயே சளிக்கான கூட்டு மாத்திரைகளும் வருகின்றன. அவற்றிலும் பாராசிட்டமால் உண்டு.

இங்கிருந்து வளைகுடாவுக்குக் கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோடீன் கலந்த இருமல் டானிக், மாத்திரை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் கோடீன் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. முன் அனுமதி இல்லாமல் கொண்டு போனால் விமான நிலையத்திலேயே வழக்கில் மாட்டிக்கொள்ள நேரிடும்.

அட்டையில் எழுதியிருப்பது எல்லாம் இங்கிலீஷ், எழுத்தும் எறும்பு சைஸ். படிக்க முடியாவிட்டால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் மெடிக்கலிலேயே, "தம்பி, இதுல பாராசிட்டமால் இருக்கா? எத்தனை மில்லிகிராம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஏற்கனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். பி.பி., சுகர், ஆஸ்துமா மாத்திரை எது இருந்தாலும் சொல்ல வேண்டும்.

சில கடைகளில் அட்டையை வெட்டி, நாலு விதமான மாத்திரைகளை ஒரு சின்னக் கவரில் போட்டு "செட்" என்று கொடுப்பார்கள். பெயர் இருக்காது, காலாவதித் தேதி இருக்காது. அந்தச் செட்டில் ஆன்டிபயாடிக்கும் இருக்கலாம், ஸ்டீராய்டும் இருக்கலாம். சாதாரண ஜலதோஷம் வைரசால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள் என்பதுதான் நமது கருத்து. பெயரும் தேதியும் இருக்கிற பக்கத்தை வெட்டித் தரச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

நடுக்கடலில் கண் அசந்தால்...

குளோர்பெனிரமைன் தூக்கத்தைக் கொண்டு வரும் என்று பார்த்தோம். சாதாரணத் தூக்கம் என்று நினைக்க வேண்டாம். சாயங்காலம் போட்ட மாத்திரையின் மப்பு சிலருக்கு மறுநாள் காலை வரை இருக்கும். கண் திறந்திருக்கும், கை கால் சொன்ன பேச்சைக் கேட்காது.

டோக்கன் வாங்கிக்கொண்டு விசைப்படகில் ராத்திரி முழுக்கத் தொழில் செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியது இல்லை. படகு ஓட்டுகிற டிரைவர், வலை இழுக்கும் விஞ்ச் பக்கத்தில் நிற்பவர், ராத்திரி படகின் ஓரத்துக்குப் போகிறவர் என யாராக இருந்தாலும் ஒரு நொடி அசந்தால் போதும். நாட்டுப்படகில் ஒரு ஆள், இரண்டு ஆள் மட்டும் போகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். விழுந்தால் திரும்பிப் பார்க்க ஆள் கிடையாது.

கூடவே குளிருக்கு இதமாக என்று ஒரு கட்டிங் போட்டால் மப்பு இரட்டிப்பாகும். ஈரலுக்கும் அடி. சளி மாத்திரையும் மதுவும் ஒன்றாகச் சேரவே கூடாது.

ராமேசுவரத்துக்கு வேன், பஸ்களை ஓட்டி வரும் டிரைவர்களும் கவனிக்க வேண்டும். கோவிலில் 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈரத் துணியோடு நடந்து, தும்மல் ஆரம்பித்ததும் பயணிகளோடு டிரைவரும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு ராத்திரியே ஊருக்குத் திரும்புவார். பயணிகள் தூங்கலாம். டிரைவர் தூங்கக் கூடாதே. ஆட்டோ ஓட்டுபவர்கள், மரம் ஏறுபவர்கள், கட்டிட வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான்.

அப்படியானால் இவர்கள் என்னதான் செய்வது? காய்ச்சலும் வலியும் மட்டும் இருந்தால் வெறும் பாராசிட்டமால் போதும், அது தூக்கம் தராது. மூக்கில் தண்ணீராகக் கொட்டினால், தூக்கம் குறைவாக வரும் அலர்ஜி மாத்திரைகள் இருக்கின்றன. "நான் கடலுக்குப் போறவன்", "நான் வண்டி ஓட்டுறவன்" என்று சொல்லிக் கேளுங்கள். கூட்டு மாத்திரைதான் வேண்டும் என்றால் வீட்டில் படுக்கப் போகும்போது மட்டும் போடுங்கள்.

வயசானவர்கள் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. புராஸ்டேட் வீக்கம் இருக்கும் ஆண்களுக்கு இந்த அலர்ஜி மருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். கண்ணில் பிரஷர் இருப்பவர்களுக்கும் ஆகாது. ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வதும் உண்டு.

இருமலை நிறுத்துவதா, சளியை எடுப்பதா?

இருமல் டானிக்கில் இரண்டு கட்சி இருக்கிறது. டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், கோடீன் போன்றவை இருமல் உணர்ச்சியையே அடக்குபவை. இவை வறட்டு இருமலுக்கு. அம்ப்ராக்சால், புரோம்ஹெக்சின், குவைபெனசின் போன்றவை கெட்டிச் சளியை இளக்கி வெளியே கொண்டு வர உதவுபவை. இளகிய சளி வெளியே வர வேண்டுமானால் இருமல் வேண்டும்.

இரண்டையும் ஒரே பாட்டிலில் ஊற்றினால் எப்படி? ஒருவன் கதவைத் திறக்க, இன்னொருவன் பூட்டுகிற கதைதான். ஆனாலும் இப்படிப்பட்ட டானிக்குகள் பல வருஷம் விற்பனையில் இருந்தன. 2023-ம் ஆண்டு ஜூனில் மத்திய அரசு 14 கூட்டு மருந்துகளுக்குத் தடை விதித்தபோது, புரோம்ஹெக்சினையும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பனையும் சேர்த்த ஒரு டானிக்கும் அந்தப் பட்டியலில் இருந்தது. மருத்துவ ரீதியாக இந்தச் சேர்க்கைகளுக்கு நியாயம் இல்லை என்பதே தடைக்குச் சொல்லப்பட்ட காரணம். 2024 ஆகஸ்டில் மேலும் 156 கூட்டு மருந்துகள் தடை செய்யப்பட்டன. போன வருஷம், அதற்கு முந்தின வருஷம் வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் பாட்டிலை எடுத்துக் குடிக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டெர்பூட்டலின், சால்பூட்டமால் கலந்த டானிக்குகளும் இருக்கின்றன. இவை மூச்சுக்குழாயை விரிப்பவை. வீசிங் இல்லாதவர் குடித்தால் நெஞ்சு படபடப்பும் கை நடுக்கமும்தான் மிச்சம். சுகர் உள்ளவர்கள் டானிக்கில் சர்க்கரை இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2025-ல் நடந்தது என்ன?

குழந்தைகள் விஷயத்துக்கு வருவோம்.

மத்தியபிரதேச மாநிலம் சிந்த்வாரா மாவட்டத்தில் 2025-ம் ஆண்டு செப்டம்பரில் சாதாரண சளி, காய்ச்சல் என்று டாக்டரிடம் கொண்டு போன குழந்தைகள் ஒவ்வொருவராகச் சிறுநீர் நின்று, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பலி. பெரும்பாலானவர்கள் 5 வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்கள் குடித்தது "கோல்ட்ரிப்" என்ற சளி மருந்து.

அந்த மருந்து தயாரானது நம் தமிழ்நாட்டில். காஞ்சீபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஸ்ரேசன் பார்மா கம்பெனியில்.

மத்தியபிரதேசத்தில் இருந்து தகவல் வந்ததும் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அக்டோபர் 1-ந் தேதி விற்பனையை நிறுத்தி, கம்பெனியில் மாதிரி எடுத்துச் சோதித்தது. எஸ்.ஆர்.-13 என்ற பேட்ச் மருந்தில் டை எத்திலீன் கிளைகால் என்ற ரசாயனம் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான். அதாவது பாட்டிலில் ஏறக்குறைய பாதி விஷம். கம்பெனியில் 300-க்கும் மேற்பட்ட விதிமீறல்களை அதிகாரிகள் கண்டுபிடித்தனர். உரிமையாளர் அக்டோபர் 9-ந் தேதி சென்னையில் கைது செய்யப்பட்டார். 13-ந் தேதி கம்பெனியின் லைசென்சு ரத்து செய்யப்பட்டது. அதே நாளில் உலக சுகாதார நிறுவனமும் இந்த மருந்து பற்றி எச்சரிக்கை வெளியிட்டது.

டை எத்திலீன் கிளைகால் என்பது பிரேக் ஆயில், பெயிண்ட் போன்றவற்றில் சேர்க்கும் தொழிற்சாலைச் சரக்கு. டானிக்கில் மருந்தைக் கரைக்கப் பயன்படும் புரோப்பலீன் கிளைகால் என்ற நல்ல திரவத்துக்குப் பதிலாக விலை மலிவான இது கலந்து விடுகிறது. ருசி இனிப்பு. கண்ணால் பார்த்தோ, மோந்து பார்த்தோ கண்டுபிடிக்கவே முடியாது.

புதிதாக நடந்த விபத்து என்று இதைச் சொல்லிவிட முடியாது. சென்னையில் 1972-ம் ஆண்டிலேயே இதே ரசாயனம் கலந்த மருந்தால் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். காஷ்மீர் பக்கம் உதம்பூர் மாவட்டத்தில் 2019-ம் ஆண்டு கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் நடந்தது. ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டில் 2022-ல் சுமார் 70 குழந்தைகள் இறந்தபோதும் இந்தியாவில் தயாரான டானிக்குகள் மீதுதான் குற்றச்சாட்டு. அரை நூற்றாண்டாக ஒரே விஷம், ஒரே மாதிரி சாவு. மூலப்பொருளையும் தயாரான மருந்தையும் ஒவ்வொரு பேட்சாகச் சோதித்திருந்தால் அது கடைக்கே வந்திருக்காது. இதில் தாய், தகப்பன் என்ன செய்ய முடியும்?

ஒன்று செய்ய முடியும். கோல்ட்ரிப்பில் விஷம் கலந்தது ஒரு குற்றம். அந்த விஷம் இல்லாவிட்டாலும் அந்த வகைக் கூட்டு மருந்து சின்னக் குழந்தைக்குத் தேவைதானா என்பது வேறு கேள்வி. அதில் இருந்தது பாராசிட்டமால், பினைலெப்ரின், குளோர்பெனிரமைன். குளோர்பெனிரமைன், பினைலெப்ரின் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது, அப்படி லேபிளிலேயே எழுத வேண்டும் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே உத்தரவு போட்டிருந்தது. 2025 அக்டோபர் 3-ந் தேதி மத்திய சுகாதாரத் துறை இன்னும் தெளிவாகச் சொன்னது: 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது. 5 வயது வரை பொதுவாகத் தேவையில்லை.

ஆக, சின்னக் குழந்தைக்குச் சளி டானிக்கை வாங்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. மூத்த பிள்ளைக்கு எழுதிக் கொடுத்ததில் மிச்சம் இருப்பதை இளையதுக்கு ஊற்றுவது, பக்கத்து வீட்டு அக்கா "இது நல்லாக் கேட்டுச்சு" என்று கொடுத்ததைக் கொடுப்பது இரண்டும் வேண்டாம்.

ஒரே பெயர், அளவு மட்டும் வேறு

காய்ச்சல் அடிக்கும் குழந்தைக்கு வெறும் பாராசிட்டமால் கொடுக்கலாம். வயதை வைத்து அல்ல, எடையை வைத்துத்தான் அளவு. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தை என்றால் ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். அடுத்த வேளைக்கு 6 மணி நேர இடைவெளி விட்டால் நல்லது. ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். 3 மாதத்துக்கு உட்பட்ட பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் மருந்தே கொடுக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. சொட்டு மருந்தாக வரும் பாராசிட்டமாலில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். பாட்டிலில் வரும் சிரப்பில் 5 மில்லிக்குத்தான் 125 மில்லிகிராம். இன்னொரு வகை சிரப்பில் 5 மில்லிக்கு 250. மூன்றுக்கும் பெயர் ஒன்றாகவே இருக்கலாம். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். அது பெரியவர்கள் சாப்பிடும் அளவு.

அளக்கும்போது வீட்டு ஸ்பூன் வேண்டாம். டீ ஸ்பூன், சாம்பார் ஸ்பூன் எல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு சைஸ். பாட்டிலோடு வரும் மூடியில் கோடு போட்டிருக்கும். அது தொலைந்துவிட்டால் மெடிக்கலில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சு வாங்கிக்கொள்ளலாம். சில ரூபாய்தான்.

கை வைத்தியத்திலும் கவனம்

"மருந்து வேண்டாம்னா பிள்ளை ராத்திரி பூரா இருமுதே, பார்த்துக்கிட்டே இருக்கவா?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயம்தான்.

சளி என்பது ஒரு வாரம், பத்து நாளில் தானாகப் போகும். இருமல் மட்டும் இரண்டு வாரம் வரை இழுக்கும், சில நேரம் மூன்று வாரம். அதுவரை வெதுவெதுப்பான தண்ணீர், கஞ்சி, தாய்ப்பால் என்று நீராகாரம் நிறையக் கொடுக்க வேண்டும். மூக்கு அடைத்திருந்தால் மெடிக்கலில் கிடைக்கும் உப்புத்தண்ணீர்ச் சொட்டு மருந்தை, மருந்து எதுவும் கலக்காததாகக் கேட்டு வாங்கி இரண்டு சொட்டு விட்டுத் துடைத்துவிடலாம். ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கும் முன் அரை ஸ்பூன், ஒரு ஸ்பூன் தேன் கொடுத்தால் ராத்திரி இருமல் குறையும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கும் ஒரு கிருமி பச்சைக் குழந்தைகளுக்கு வாதம் மாதிரி வரவழைத்துவிடும்.

பெரியவர்களுக்குச் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி போட்டுச் சுக்குக் காபி, உப்புத்தண்ணீரில் தொண்டை கொப்பளிப்பது எல்லாம் தாராளமாகச் செய்யலாம். சுகர்காரர்கள் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை மறக்க வேண்டாம்.

ஆனால் நம் ஊரில் குழந்தைக்குச் சளி என்றதும் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சிலும் மூக்கிலும் தடவுவார்கள். கற்பூரம் சின்னக் குழந்தைகளுக்கு விஷம். தப்பித்தவறி வாய்க்குள் போனால் வலிப்பு வரும். மூக்கில் எண்ணெய் விடுவதும் ஆகாது. அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். கொதிக்கும் பாத்திரத்தை வைத்துக் குழந்தைக்கு ஆவி பிடிக்கிறேன் என்று போய் வெந்நீர் கொட்டி, சளிக்குப் போக வேண்டியவர்கள் தீக்காய வார்டுக்குப் போகிற கொடுமையும் நடக்கிறது.

எப்போது ஓட வேண்டும்?

குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுசாக மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை 60 தடவையோ அதற்கு மேலோ, ஒரு வயது வரை 50 தடவையோ அதற்கு மேலோ, 5 வயது வரை 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அது சாதாரணச் சளி இல்லை. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், எழுப்ப எழுப்பத் தூங்கினாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-க்கு போன் செய்யலாம். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ராமேசுவரம், பரமக்குடி உள்ளிட்ட ஊர்களில் அரசு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. என்ன செய்வது என்று ஆலோசனை மட்டும் வேண்டும் என்றால் 104.

பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்காவிட்டால், இன்னொரு டானிக் பாட்டில் வாங்குவதை விட்டுவிட்டு அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காசநோய்க்கான அந்தப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். டானிக் மேல் டானிக்காகக் குடித்து மாதக்கணக்கில் இழுத்தடித்து, வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் ஒட்ட வைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு.

ஏதாவது டானிக் குடித்த குழந்தை வாந்தி எடுத்து, 6 முதல் 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருந்தால் அதுதான் சிந்த்வாரா குழந்தைகளிடம் தெரிந்த முதல் அறிகுறி. உடனே மருந்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். போகும்போது அந்தப் பாட்டிலையும், அட்டைப் பெட்டியையும், மெடிக்கல் பில்லையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். பேட்ச் நம்பர் அதில்தான் இருக்கும்.